அரைக் கட்டைத் தூரம்

பீல்
3.3.2024

அன்புள்ள மலர் மச்சாளுக்கு,

இங்கே சுவிஸில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா? காதுக்கு மெஷின் வாங்கித் தந்தால், கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி அலுமாரியில் வைத்துவிடுகிறீர்களாம். பக்கத்து வீட்டுக் கிருபாகரன் போனில் சொன்னான். உங்களோடு போனில் கதைக்க முடியாமல் போனதில் எனக்கு ஒரு நன்மை உண்டு: வருஷத்துக்கு நாலு கடிதமாவது தமிழில் எழுதுகிறேன்.

இது வழக்கமான கடிதம் இல்லை. பேர்ணில் ஒரு சிறிய அமைப்பு, போர்க்காலத்தில் ஊர்களுக்கு நடுவே சமாதான வேலை செய்த பெண்களைக் கார்த்திகையில் அழைத்துக் கதைக்க வைக்கப் போகிறது. கொழும்பில் யாரோ உங்கள் பெயரையும் மரைக்கார்முனைப் பரீதாவின் பெயரையும் கொடுத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளராக என்னைக் கேட்டார்கள். நீங்கள் என் அண்ணா குணசேகரத்தின் மனைவி என்று சொன்னேன். அது இன்னும் நல்லது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஊர் ஆம்பிளையள் உங்களுக்கு வைத்த பெயர் 'செத்தவீட்டுக் கொமிட்டி' அல்லவா? இவர்களுடைய துண்டுப்பிரசுரத்தில் அது 'மோதல் சூழலில் பெண்கள் நடத்திய வதந்தித் தடுப்புப் பொறிமுறை' ஆகியிருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டங்களில் இருபது வருஷமாக உட்கார்ந்து வருகிறேன். கடைசியில் கோப்பி, கேக், ஒரு குழுப் படம். பெரிதாக எதையும் எதிர்பார்த்து வராதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அண்ணா போய் இந்த ஆடியோடு பதினெட்டு வருஷம். அதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நெஞ்சு வலியில் போனார் என்று நீங்கள் ஊருக்குச் சொன்னீர்கள். நாற்பத்து நாலு வயது, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாத மனிதர், பகை ஊரான மரைக்கார்முனையில், அந்த வாரத்தில். நான் இதுவரை நேராகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அது உண்மையா, அல்லது ஊர் எரியாமல் இருக்கச் சொன்னதா?

மகள் யாதவி உங்களுக்கு முத்தம் தரச் சொன்னாள்.

அன்புடன்,
சுபத்திரா


இலுப்பைக்குடா
28.3.2024

அன்புள்ள சுபத்திராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் நான் நடமாடுகிறேன். பிரஷர் இருக்கிறது, குளிசையும் இருக்கிறது, இரண்டும் தங்கள் பாட்டில் இருக்கின்றன. யாதவி பள்ளிக்கூடச் சோதனை நன்றாகச் செய்தாளா? அவளுக்குப் பனங்கிழங்குப் புழுக்கொடியல் மா அனுப்பினால் அங்கே கஸ்டம்ஸில் எறிவார்களா?

பேர்ண் விஷயத்தைப் பரீதாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வாயசைவு எனக்குப் பழக்கம், காது கேட்காவிட்டாலும் விளங்கும். "அவ்வளவு தூரம் பறந்து போய்க் கதைக்க நான் என்ன மந்திரியா? முழங்கால் பாலத்தைத் தாண்டவே விடுகுதில்ல. நீ போ புள்ள, எனக்கும் சேர்த்துக் கேக்கைச் சாப்பிட்டுட்டு வா" என்றாள். அவள் வரமாட்டாள்.

அவர்கள் கேட்ட விபரத்தை எழுதுகிறேன், நீ ஜேர்மனில் நிரப்பு. நாங்கள் ஆறு பேர், அவர்கள் ஐந்து பேர். 2002இல் தொடங்கினோம். கூட்டம், தலைவி, பொருளாளர் ஒன்றும் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள பாலந்தான் எங்கள் கந்தோர். எங்காவது ஒரு சாவு என்று கதை வந்தால், எங்கள் ஊரிலிருந்து இரண்டு பெண்கள் அங்கே செத்தவீட்டுக்குப் போவோம். இங்கே என்றால் அவர்கள் இரண்டு பேர் வருவார்கள். செத்தவீட்டுக்கு வருகிற பெண்ணை ஒருவரும் மறிக்க மாட்டார்கள், அதுதான் எங்கள் பாஸ் துண்டு. உடம்பைப் பார்க்க வேண்டும். எப்படிச் செத்தது என்று வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும். திரும்பி வந்து பாலத்தில் நின்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஊர் கதைக்கலாம். ஒரே ஒரு சட்டம்: பார்த்தவள்தான் சொல்லலாம். கேள்விப்பட்டவள் வாய் திறக்கக்கூடாது.

ஒரு முறை மூன்று பேரை வெட்டிவிட்டார்கள் என்று கதை வந்து, போய்ப் பார்த்தால் ஒரு மாடு. அதைச் சொன்னால் சிரிப்பார்களோ?

போவதா என்று யோசிக்கிறேன். நீ கேட்ட மற்றதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

உன் சுகத்தை விரும்பும் மச்சாள்,
சிவமலர்


பீல்
20.4.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. நாங்களும் அப்படியே. மா அனுப்பலாம், கஸ்டம்ஸில் பிடித்தால் நான் போய் விளக்கம் சொல்லுவேன். எனக்கு அது தொழில்தானே.

மாட்டுக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நேற்று கெமைண்ட என்கிற நகரசபைக் கந்தோரில் உங்களுக்கான உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். நீங்கள் இங்கே நோய்ப்பட்டாலோ, திரும்பிப் போகாமல் ஒளித்தாலோ நான் பொறுப்பு. "பெரியமாமி ஒளிச்சா நாங்கள் எப்பிடித் தேடிப் பிடிக்கிறது, கூப்பிட்டாலும் கேட்காதே" என்றாள் யாதவி.

'வேறொரு நாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வருஷம் போதாதா என்று கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை. ஆனால் என் வேலையின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கும்போது 'அவர் சொல்கிறார்' என்று நாங்கள் சொல்வதில்லை. பேசுகிறவரின் 'நான்' எங்கள் வாயிலும் 'நான்'தான். நீங்கள் "என்ர மனிசன் நெஞ்சு வலியில செத்தவர்" என்று சொன்னால், நான் "என் கணவர் நெஞ்சு வலியால் இறந்தார்" என்று சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. எத்தனையோ பேரின் பொய்யை அப்படிச் சொல்லியிருக்கிறேன். விசாக் கந்தோரில், பொலிசில். அது அவர்களுடைய பாடு. அண்ணாவைப் பற்றி நான் நம்பாத ஒன்றை என் வாயால் 'நான்' என்று சொல்ல என்னால் முடியாது.

கோபத்தில் எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுபத்திரா


இலுப்பைக்குடா
2.6.2024

அன்புள்ள சுபத்திராவுக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. இங்கே மழையில்லை, கிணறு கீழே போய்விட்டது, மற்றப்படி சுகத்துக்குக் குறைவில்லை. உன் கால் உளைவு எப்படி?

விசாவுக்குக் கொழும்புக்குப் போய் வந்தேன். கண்ணாடிக்கு அங்காலை இருந்து அந்தப் பெட்டை கேட்டது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினாள்: 'திரும்பி வருவீர்களா?' நான் எழுதினேன்: 'மாடு ஒன்று கன்று போட இருக்கிறது.' அவள் சிரித்து முத்திரை குத்தினாள். விசா வருமோ தெரியாது.

பேர்ணில் என்ன சொல்வது என்று ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். அந்தப் பின்னேரத்தைச் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லாமல் மாட்டுக் கதை மட்டும் சொல்லப் போவதென்றால் விமானக் காசு பாவம். உன் அண்ணா மரைக்கார்முனை மில்லில் எஞ்சின் திருத்தப் போனதையும், அங்கே விழுந்ததையும் சொல்வேன். செய்தி வந்தபோது எங்கள் சனம் முதலில் ஒன்றும் செய்யவில்லை. திகைத்துப் போய் நின்றார்கள். நாலு மணிக்குக் கிருபாகரனுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு டெலிபோன் கோல் வந்தது. குணசேகரத்தை வெட்டித்தான் கொன்றது, உறுதியான செய்தி, நீங்கள் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று. எங்கள் ஊரிலிருந்து அரைக் கட்டைக்கு அங்காலை நடந்ததை எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததால் எல்லோரும் நம்பினார்கள். அதன் பிறகுதான் கத்தியும் மண்ணெண்ணெயும் பாலத்துக்கு வந்தன.

இதையும் சொல்வேன். இது இல்லாமல் கதை விளங்காது.

யாதவிக்கு என் அன்பு.

உன் மச்சாள்,
சிவமலர்


பீல்
16.6.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம். உங்கள் கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த கோல் விஷயம் அவசியமா என்று யோசியுங்கள். இங்கே வருகிறவர்களுக்கு அது குழப்பமாக இருக்கும். அதை எடுத்தவரும் தூரத்திலிருந்து, யாரோ சொன்னதைக் கேட்டு, தன் துக்கத்தில் எடுத்திருக்கலாம். அந்தக் கதையை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்.

பேர்ணில் பிரசாந்தினி என்று இன்னொரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். கெட்டிக்காரி. சொந்தக்காரியாகிய நான் செய்வதைவிட அவர் செய்வது முறையாக இருக்கும். அமைப்புக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

சுபத்திரா


இலுப்பைக்குடா
10.8.2024

அன்புள்ள சுபத்திராவுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு கிழமை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். ஆடியில் அவருடைய திவசமும் வந்து போனது. இனிக் கிழிக்க மாட்டேன்.

அன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதுகிறேன். பரீதாவைத் தவிர ஒருவருக்கும் இது தெரியாது.

அதற்கு இரண்டு நாள் முந்தி மரைக்கார்முனையில் இரண்டு பெடியன்களை யாரோ வயலில் சுட்டுக் கொன்றிருந்தார்கள்; பழி எங்கள் ஊர் மேல். நான் போக வேண்டாம் என்றேன். "எஞ்சின் நிண்டா ரெண்டு ஊருக்கும் அரிசி இல்லையடி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனார். நாலரை மணிக்கு எங்கள் பக்கத்தில் அறுபது ஆம்பிளையள். அங்கேயும் அவ்வளவு பேர். பாலத்தின் நடுவில் பரீதா தனியாக நின்றாள்.

"மலர், நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்திட்டார் புள்ள. எஞ்சினை நிப்பாட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. ஒருத்தரும் கை வைக்கல்ல. வந்து பாரு."

போனேன். பாலத்திலிருந்து மில்லுக்கு அரைக் கட்டை, உன் கணக்கில் எண்ணூறு மீற்றர். பள்ளிவாசல் மதில் திரும்புகிற இடம் வரைக்கும் போயிருப்போம், பின்னால் சத்தம் கேட்டது. பாலத்தடியில் ஒரு வேலியைக் கொளுத்திவிட்டார்கள். மில்லுக்குப் போய்த் திரும்பி வர இருபது நிமிஷம் வேண்டும். ஊருக்கு இருபது நிமிஷம் இருக்கவில்லை. நான் திரும்பினேன். பரீதா என் கையைப் பிடித்தாள்.

"பார்க்காமச் சொல்லப் போறியா?"

"நீ பாத்தனிதானே?"

"நான் பார்த்தன். நீ என்னை நம்புறியா?"

அவளுடைய மருமகன் முறையானவன் அந்த இரண்டு பெடியன்களில் ஒருவன். நான் அவளை நம்பினேனா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பாலத்தில் வந்து நின்று சொன்னேன்: "நான் பாத்திட்டன். ஒரு கீறல்கூட இல்லை. நெஞ்சு வலி."

யாரோ ஒருவன் கேட்டான்: "உண்மையோ அக்கா?"

"என்ர மனிசனடா! நான் பொய் சொல்லுவனோ?"

ஒவ்வொருவராகத் தார் றோட்டில் குந்தினார்கள். ஒருத்தன் கையிலிருந்த மண்ணெண்ணெய்க் கானால் அந்த வேலி நெருப்பை அணைக்கப் போய், மற்றவர்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள். தண்ணீர்க் கான் என்று நினைத்துவிட்டானாம். அவ்வளவு கலங்கிப் போயிருந்தார்கள்.

பிறகு நான் அந்த அரைக் கட்டையைத் திரும்ப நடந்தேன். பரீதா கையை விடவில்லை. காயம் இருந்தால் என்ன செய்வது? ஊருக்குச் சொன்ன பொய்யைச் சாகும்வரை காப்பாற்றுவதா, திரும்பி வந்து உண்மையைச் சொல்லி இரண்டு ஊரையும் எரிப்பதா? ஒரு முடிவுக்கும் வர முன்னம் மில் வந்துவிட்டது.

அவரை நெல் மூட்டைக்கு மேல் கிடத்தியிருந்தார்கள். கழுவுவது ஆம்பிளையள் வேலை; எங்கள் ஆம்பிளையள் பாலத்தில் நின்றார்கள். நான் கழுவினேன், பரீதா தண்ணீர் வார்த்தாள். கழுவுகிற சாட்டில் ஒவ்வொரு அங்குலமாகத் தேடினேன். தலைமயிருக்குள் விரல் விட்டுத் தேடினேன். வலது முழங்காலில் அந்தப் பழைய தழும்பு. வேறொன்றும் இல்லை.

எனக்கு நிம்மதி வந்தது, சுபத்திரா. மனிசன் செத்துக் கிடக்கிறார், நான் சிரித்தேன் என்று பரீதா சொல்கிறாள். சிரித்தது ஞாபகம் இல்லை. நிம்மதி ஞாபகம் இருக்கிறது. அதை யாரிடம் சொல்வது? அதனால்தான் உனக்கும் எழுதவில்லை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டு இருந்தது. அடுத்த மாதம் ஷெல் விழுந்து என் காதோடு அந்த வீடும் போனது.

இப்போது சொல். சட்டத்தை உடைத்தவள் நான். அவர்கள் என்னை, 'பார்த்ததை மட்டும் சொன்ன பெண்' என்று மேடையில் இருத்தப் போகிறார்கள். நான் வரலாமோ?

சிவமலர்


பீல்
25.8.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏரிக்கரை வரை போய்விட்டேன். நல்லாக இருக்கிறேன். அண்மையில் இவ்வளவு நல்லாக இருந்ததில்லை.

பதினெட்டு வருஷமாக நீங்கள் சொன்ன உண்மையை நான் நம்பவில்லை. இப்போது நீங்கள் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். மற்றது எல்லாவற்றையும் நம்பிவிட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள். குறையில்லாத கதையைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

அந்தத் தழும்பு, எனக்கு ஐந்து வயதில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய் மதகில் விழுந்தபோது வந்தது. எனக்கு ஒன்றும் படவில்லை.

அண்ணாவை யாரும் வெட்டவில்லை. இதை எழுதிப் பார்த்தேன். இன்னும் ஒருமுறை எழுதலாம் போல இருக்கிறது. 2012இல் ஊருக்கு வந்தபோது நான் அந்தப் பாலத்தைத் தாண்டவில்லை, ஞாபகமா? நீங்கள் வற்புறுத்தவும் இல்லை.

கட்டாயம் வாருங்கள். பொய்யையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரசாந்தினி வேண்டாம், நானே மொழிபெயர்ப்பேன். அந்த கோல் விஷயத்தையும் நீங்கள் விரும்பியபடி சொல்லுங்கள். அதைப் பற்றி நானும் உங்களிடம் ஒன்று சொல்ல இருக்கிறது. நேரில் சொல்கிறேன்.

உங்கள்
சுபத்திரா


இலுப்பைக்குடா
5.10.2024

அன்புள்ள சுபத்திராவுக்கு,

விசா வந்துவிட்டது. மாடும் கன்று போட்டுவிட்டது, நாம்பன். எல்லோரும் சுகம்.

பரீதா தன் மகளின் கம்பளிச் சட்டை ஒன்று தந்திருக்கிறாள். "அங்க போய்ப் பெரிய ஆளாகிட்டன் எண்டு நினைச்சு வாயால கனக்க விடாத" என்று புத்தியும் தந்திருக்கிறாள். மிளகாய்த்தூள் இரண்டு கிலோ போதுமா? சுவிஸ் விமான நிலையத்தில் என் காது பற்றி ஒரு துண்டு ஜேர்மனில் எழுதி அனுப்பு, நெற்றியில் ஒட்டாத குறையாகக் காட்டுகிறேன்.

நேரில் சொல்ல இருப்பதை வசதியானால் சொல்லு. இல்லாவிட்டாலும் நான் வருவேன்.

மச்சாள்,
சிவமலர்


பீல்
1.12.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததைக் கிருபாகரன் அறிவித்தான். நீங்கள் இருந்த அறையில் யாதவி படுக்கிறாள். மிளகாய்த்தூள் மணம் போக வேண்டாமாம்.

பன்னிரண்டு நாள் என்னோடு இருந்தீர்கள். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்து, சமையல், கால் உளைவு, சீஸ் மணம் என்று எதையோ கதைத்தேன். விமான நிலையத்திலும் சொல்லவில்லை. ஆனால் பேர்ணில் நாற்பது பேருக்குச் சொன்னேன். உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, உங்கள் வலது காதுக்கு ஒரு முழத்தில். உங்களுக்கு விளங்காத மொழியில்.

நீங்கள் எல்லாம் சொன்னீர்கள். மாட்டை, கோலை, பார்க்காமல் பார்த்தேன் என்றதை. நான் உங்கள் 'நான்' ஆக இருந்தேன். 'எனக்கு நிம்மதி வந்தது' என்று ஜேர்மனில் சொல்ல இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது. நீங்கள் தண்ணீர்க் கிளாசை என் பக்கம் தள்ளினீர்கள்.

பிறகு கூட்டத்தை நடத்திய உர்சுலா ஒரு கேள்வி கேட்டார். உங்களுக்குக் காது கேளாததால் எல்லாக் கேள்வியையும் போல அதையும் நானே பெரிய எழுத்தில் எழுதி நீட்ட வேண்டியிருந்தது: 'வெளிநாட்டிலிருந்து அந்த கோலை எடுத்தது யார் என்று பிறகு தெரிய வந்ததா?' நீங்கள் கண்ணாடியைப் போட்டு வாசித்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. "அதை நான் காணேல்லை. காணாததை நான் சொல்லுறேல்லை. ஒருக்காச் சொன்னது காணும்" என்றீர்கள்.

ஒரு சொல் கூட்டாமல் மொழிபெயர்த்தேன். உர்சுலா அடுத்த கேள்விக்குப் போக வாயெடுத்தார். நான் கையை உயர்த்தினேன். "இனி வருவது மொழிபெயர்ப்பாளரின் சொல்" என்றேன். விதிப்படி அப்படி அறிவித்தால்தான் எங்கள் சொந்தச் சொல்லைச் சொல்லலாம். அதுவும் ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்கத்தான். நான் சொன்னது இது:

"அந்த கோலை எடுத்தது நான். ஓர்லிகோனில் ஒரு கடையில் வேலை செய்த தெரிந்தவர் என்னைக் கூப்பிட்டு, உன் அண்ணனை வெட்டிவிட்டார்களாம் என்றார். அவர் எங்கிருந்து கேட்டார் என்று நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தவள் நான். எதற்கும் ஆதாரம் கேட்கிறவள். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. ஊருக்குக் கோல் எடுத்து, அது உறுதியான செய்தி என்று சொன்னேன். அங்கே ஒருவரும் சாகாததற்குக் காரணம் இவர். நான் அல்ல."

பின்வரிசையில் பிரசாந்தினி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். அப்போதுதான் நீங்கள் என் தோளில் தட்டினீர்கள். "என்ன பிள்ளை இவ்வளவு நேரம் கதைக்கிறாய்? நான் அவ்வளவு சொல்லேல்லையே!" தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜேர்மன் நீளமான பாஷை மச்சாள்."

விதியை மீறியதை என் மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு நானே எழுதிக் கொடுத்தேன். பேச்சு வாங்கினேன், வேலை போகவில்லை.

அந்நியருக்கு அந்நிய பாஷையில் சொல்வது சுலபமாக இருந்தது. உங்களுக்குத் தமிழில் எழுத இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. பதில் எழுதுங்கள், எழுதாமலும் விடுங்கள். நான் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுபத்திரா


இலுப்பைக்குடா
19.12.2024

அன்புள்ள சுபத்திராவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் சுகம். தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டு குளிரில் நிற்பாய் என்று நினைத்து இன்றைக்கே எழுதுகிறேன்.

கிருபாகரன் அன்றிரவே எனக்குச் சொல்லிவிட்டான். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும்போது, என் காலடியில் இருந்து அழுது சொன்னான். 'சுபாக்கா சொன்னவ, அதுதான் நம்பினனாங்கள்' என்று.

எனக்குக் கோபம் வரவில்லை என்று நான் எழுதினால் நீ நம்பமாட்டாய். உனக்குக் குறையில்லாத கதை பிடிக்காது. கோபம் வந்தது. 2006 ஆடியிலிருந்து 2008 முடியும் வரை நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இடம்பெயர்வு, தபால் இல்லை என்று நீ நினைத்து மூன்று தபால் காட் அனுப்பினாய். மூன்றும் வந்தன. முகாமில் என் தலையணைக்குக் கீழே இருந்தன. கொப்பியும் பேனையும்கூட இருந்தன.

திரும்ப எழுதத் தொடங்கியது கோபம் போனதால் இல்லை. முகாமில் ஒரு நாள் அவருடைய குரல் எப்படி என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. காதும் போய்விட்டது, இனிமேல் எந்தக் குரலைக் கேட்டும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. மாமியும் மாமாவும் எப்போதோ போய்விட்டார்கள். அவரை அறிந்த ஆள் உலகத்தில் எனக்கு மிஞ்சியது நீ ஒருத்தி. அதுதான் உன் தபால் காட்களுக்குப் பதில் எழுதினேன். எழுதிக்கொண்டு போகக் கோபம் எங்கே கழன்று விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

பேர்ணில் நீ நீளமாகக் கதைத்தபோது விஷயம் இதுதான் என்று ஊகித்தேன். ஜேர்மன் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். ஒரு கிழமை பார்த்தேன், நீ சீஸைப் பற்றியே கதைத்தாய். சரி, எழுதுவாள் என்று விட்டேன்.

இன்றைக்குக் காலையில் பாலத்தைத் தாண்டிப் போய், உன் கடிதத்தைப் பரீதாவுக்கு வாசித்தேன். "அட, அவளா? நான் இவ்வளவு காலமும் லண்டன்காரன் எவனோ எண்டு நினைச்சு ஒவ்வொரு நோன்புக்கும் ஏசிட்டு வாறன். எல்லா ஏச்சும் விலாசம் மாறிப் போயிட்டே!" என்று தலையில் கை வைத்தாள். பிறகு நீ எப்போது வருகிறாய் என்று கேட்டாள். வந்தால் ஒரு நேரம் அவள் வீட்டில்தான் சாப்பாடாம். தாரா முட்டை உனக்குச் சேருமா என்றும் கேட்கச் சொன்னாள்.

இப்போது நான் கேட்பது ஒன்று இருக்கிறது. இத்தனை கடிதத்தில் நாங்கள் அவருடைய சாவைப் பற்றித்தான் எழுதினோம், சில நேரம் எழுதாமலும் எழுதினோம். கலியாணம் முடிந்த புதிதில் ஒருநாள், இளந்தாரியாக இருந்தபோது கோயில் திருவிழா நாடகத்தில் பெண் வேஷம் போட்டேன் என்று தொடங்கினார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, மிச்சத்தைச் சொல்லவில்லை. பிறகும் பலமுறை கேட்டேன், ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு. உனக்கு அப்போது ஆறேழு வயது இருக்கும். முன்வரிசையில் பாய் போட்டு இருந்திருப்பாய்.

அன்றைக்கு மேடையில் என்ன நடந்தது? ஒன்றும் விடாமல் எழுது.

உன் மச்சாள்,
சிவமலர்